தண்ணீரை மாற்றினால் மட்டும் போதுமா?

“பெடிக்யூர் (பாத அழகுப் பராமரிப்பு) தொட்டியில் ஒவ்வொருவருக்கும் புதுத் தண்ணீர் நிரப்பினால் தொற்று வராது” என வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் தகவல் தவறானது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வடக்குக் கலிபோர்னியாவில், ஒரே நக அழகு நிலையத்துக்குச் சென்ற நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு, முழங்காலுக்குக் கீழே எளிதில் ஆறாத கட்டிகள் கிளம்பின. அங்கிருந்த சுழல்நீர்த் தொட்டிகளில் தண்ணீரை உறிஞ்சும் வாயின் சல்லடையைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் பின்னால் முடியும் அழுக்கும் அடைந்து கிடந்தன. பத்துத் தொட்டிகளிலும் மைக்கோபாக்டீரியம் ஃபார்ட்யூயிட்டம் என்ற கிருமி இருந்தது. குழாய்த் தண்ணீரிலேயே சிறிதளவு வரக்கூடிய இக்கிருமி அந்த அழுக்கில் தங்கிப் பெருகிவிடுவதால், புதிதாக ஊற்றும் தண்ணீரிலும் அது கலந்துவிடுகிறது. பெடிக்யூருக்கு முன் கால் முடியை மழித்துக்கொண்டு வந்தவர்களுக்கே ஆபத்து கூடுதலாக இருந்தது. மழிக்கும்போது விழும் நுண்ணிய கீறல்களே கிருமிக்கு வாசல். ஆகவே, ஒவ்வொருவருக்கும் பிறகு தொட்டியைத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி கலந்த நீரைப் பத்து நிமிடம் சுழலவிட வேண்டும்; சல்லடையை நாள்தோறும் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். குழாயும் சல்லடையும் இல்லாத சாதாரணத் தொட்டியில் கிருமி ஒளிந்துகொள்ள இப்படி இடம் இல்லை என்றாலும், அதையும் கிருமிநாசினியால் கழுவியாக வேண்டும்.