போனவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காணொளியைப் பலரும் பார்த்துவிட்டீர்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் (1936–39) தளபதி பிராங்கோவின் கலகப் படையை எதிர்த்துக் குடியரசு அரசுக்காகப் போராட வெளிநாடுகளிலிருந்து போன சர்வதேசப் படையினரை "வேலைவெட்டி இல்லாமல் சாகசம் தேடிப் போன கூலிகள்" என்றார் பேச்சாளர். அரங்கமே சிரித்தது. பேச்சைவிட அந்தச் சிரிப்புதான் எனக்குத் தாங்கவில்லை.

கூலிக்குப் போகிறவன் லாபம் பார்ப்பான். இவர்கள் என்ன லாபம் பார்த்தார்கள்? ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 35,000 பேர் போனார்கள். சுரங்கத் தொழிலாளிகள், தையல்காரர்கள், மாணவர்கள். எல்லைக் காவலுக்குத் தப்பி, இரவில் பைரனீஸ் மலையை நடந்தே கடந்தவர்கள் ஏராளம். 'சம்பளம் வாங்கினார்களே' என்று ஒருவர் கட்டாயம் வருவார். வாங்கினார்கள் ஐயா, சொற்பத் தொகை. அதற்காகவா ஒருவன் மாட்ரிட் அருகே ஹராமா போர்க்களத்தில் போய்ச் சாவான்?

என் சித்தப்பா ராணுவத்தில் இருந்தவர். ஹராமாவைப் பற்றி அவரிடம் ஒருமுறை சொன்னேன்: 1937 பிப்ரவரி, சர்வதேசப் படையின் பிரிட்டிஷ் பட்டாலியனில் பாதிக்கும் மேற்பட்டோரை முதல் நாளிலேயே இழந்தார்கள். "எத்தனை மாதம் பயிற்சி?" என்றுதான் முதலில் கேட்டார். மாதமெல்லாம் இல்லை, சில வாரங்கள் என்றேன். "அனுப்பியவனைத் திட்டு, போனவனைத் திட்டாதே" என்றார். இத்தனைக்கும் என் அரசியலைக் கேட்டாலே தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுகிற மனிதர் அவர்.

அனுப்பியவன் யார் என்பது எனக்கும் தெரியும். திரட்டியது மாஸ்கோவிலிருந்து இயங்கிய கம்யூனிஸ்ட் அகிலமான கொமின்டர்ன். சர்வதேசப் படையின் அல்பாசெட்டே தளத்தில் அதன் தலைவர், பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் ஆந்த்ரே மார்ட்டி, சொந்த ஆட்களையே சந்தேகப்பட்டுச் செய்த கொடுமைகளும் தெரியும். திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். பிராங்கோ பக்கமும் வலதுசாரித் தலைவர் ஓ'டஃபியின் ஐரிஷ்காரர்கள் தாமாகத்தானே போனார்கள் என்கிறீர்களா? போனார்கள், சில மாதங்களில் திரும்பியும் வந்துவிட்டார்கள். அவர்களைப் பற்றி அதற்கு மேல் பேச எனக்குப் பொறுமையில்லை.

"அடுத்த நாட்டுச் சண்டையில் இவர்களுக்கு என்ன வேலை?" இப்படிக் கேட்பவர்களுக்கு பிராங்கோவுக்காக ஹிட்லர் அனுப்பிய காண்டோர் விமானப்படைப் பிரிவும் முசோலினி அனுப்பிய பல்லாயிரம் பேரும் மட்டும் எப்படியோ மறந்துவிடுகின்றன. 1937 மார்ச்சில் குவாதலஹாராவில் முசோலினியின் ஆட்களை எதிர்த்து நின்றவர்களில் சர்வதேசப் படையின் கரிபால்டி பட்டாலியனைச் சேர்ந்த இத்தாலியர்களும் உண்டு. சொந்த நாட்டில் வாய் திறக்க முடியாமல் வெளியேறியவர்களுக்கு அது அடுத்தவன் சண்டையா?

நாக்பூரின் கோபால் முகுந்த் ஹுத்தாரும் ஜான் ஸ்மித் என்ற பெயரில் அங்கே போரிட்டு, 1938இல் பிராங்கோ படையிடம் சிறைப்பட்டார். அவரும் கூலியா? பேச்சாளர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். கேள்விப்பட்டிருந்தால் உடனே படம் வைத்து மாலை போட்டிருப்பார்.

லாபத்தைக் கேட்டேன் அல்லவா, கணக்கைப் பாருங்கள். திரும்பி வந்த தன் குடிமக்களைச் சுவிட்சர்லாந்து சிறையில் தள்ளியது. அந்தத் தீர்ப்புகளை ரத்து செய்ய அதற்கு 2009 வரை மனம் வரவில்லை. ஜெர்மானியர்களுக்குத் திரும்பிப் போக நாடே இல்லை; பிரான்ஸில் கூர்ஸ் முகாமின் முள்வேலிக்குள் பலர் அடைபட்டார்கள். ஸ்பெயின் குடியுரிமை தர முன்வந்தது 1996இல். அதுவும் சொந்தக் குடியுரிமையைத் துறந்தால்தானாம்! அந்த நிபந்தனையை நீக்கும் சட்டம் 2007இல்தான் வந்தது. அதற்குள் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்?

'உணர்ச்சிவசப்படுகிறீர்கள்' என்று அறிவுரை சொல்ல வருபவர்கள் தாராளமாக வரலாம். கூடவே, நம்பிய கொள்கைக்காக ஒரு நாள் சம்பளத்தையாவது இழந்ததுண்டா என்பதையும் எழுதிவிடுங்கள்.