எதை எடுத்துவிட்டு எதை ஊற்றுகிறோம்?

வாரம் ஒரு எண்ணெய் வில்லனாகிறது. அடுத்த வாரம் அதுவே அமுதமாகிவிடுகிறது. சூரியகாந்தி எண்ணெய் விஷம், நெய் இதயத்துக்குக் காவல், தேங்காய் எண்ணெய் கொழுப்பைக் கரைக்கும் என்று வந்தபடியே இருக்கின்றன ஃபார்வர்டுகள். எல்லாவற்றிலும் ஒரு கேள்வி மட்டும் விடுபட்டுப்போகிறது. இது எதற்குப் பதிலாக வருகிறது?

இதயநோய் ஆராய்ச்சியில் குழப்பம் என்று சொல்லப்படுவதில் பாதி இந்தக் கேள்வியைக் கேட்காததால் வந்தது என்றே நினைக்கிறேன். 2010-லும் 2014-லும் வெளியான இரண்டு பெரிய தொகுப்பாய்வுகள் (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பவை), வெண்ணெயிலும் தேங்காய் எண்ணெயிலும் அதிகமுள்ள நிறைவுற்ற கொழுப்புக்கும் இதயநோய்க்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை என்றன. உடனே "வெண்ணெய் நிரபராதி" என்று தலைப்புச் செய்திகள் பறந்தன. ஆனால் வெண்ணெயைக் குறைத்தவர்கள் அந்த இடத்தில் என்ன சாப்பிட்டார்கள்? மைதாவும் சர்க்கரையும் என்றால் பெரிய பலன் இல்லை. கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல் கொஞ்சம் இறங்கும், கூடவே ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு ஏறும், நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல்லும் இறங்கும். அதே இடத்துக்குப் பன்மை நிறைவுறாக் கொழுப்பு அதிகமுள்ள, சூரியகாந்தி போன்ற தாவர எண்ணெய் வந்தால் கதை வேறு. அப்படி மாற்றியவர்களுக்கு இதயநோய் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது என்று அமெரிக்க இதயக் கழகம் 2017-ல் சோதனைகளைத் தொகுத்துச் சொன்னது. அது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையின் பலனோடு ஒப்பிடத்தக்கது என்றும் அதே அறிக்கையில் இருக்கிறது.

மாற்று தப்பாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு, வெண்ணெய்க்கும் நெய்க்கும் பதிலாகத் தாவர எண்ணெயில் செய்த மார்ஜரின், வனஸ்பதியின் கதை போதும். வெண்ணெய் வேண்டாம், தாவர எண்ணெய் நல்லது என்றார்கள். சரிதான். ஆனால் அந்த எண்ணெயைக் கெட்டியாக்க ஹைட்ரஜன் ஏற்றினார்கள். முழுதாக ஏற்றாமல் பாதியில் நிறுத்தினால் டிரான்ஸ் கொழுப்பு உருவாகிறது. அது எல்.டி.எல்லை ஏற்றி எச்.டி.எல்லை இறக்குகிறது என்று டச்சு ஆய்வாளர்கள் 1990-ல் காட்டினார்கள். அமெரிக்காவில் ஃபிரெட் குமரோ என்ற விஞ்ஞானி 1957-லேயே இதைப் பற்றி எச்சரித்திருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2013-ல், 98 வயதில், அரசின் உணவு மருந்து நிர்வாகத்தின் மேலேயே வழக்குப் போட்டார் மனிதர்! 2015-ல் அப்படிப் பாதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயைப் பாதுகாப்பானதாகக் கருத முடியாது என்று நிர்வாகம் அறிவித்தது. டென்மார்க் அதற்கு முன்பே, 2003-ல், டிரான்ஸ் கொழுப்புக்குக் கடுமையான வரம்பு வைத்துவிட்டது.

அமெரிக்காவில் ஒரு பரிமாறலுக்கு அரை கிராமுக்குக் கீழே டிரான்ஸ் கொழுப்பு இருந்தால் பாக்கெட்டில் பூஜ்யம் என்றே அச்சிடலாம். அதனால் "0 கிராம்" என்ற எழுத்தைவிட, பொருள்கள் பட்டியலில் "பகுதி ஹைட்ரஜனேற்றப்பட்ட" என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பதே உருப்படியான வேலை. "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று எண்ணெய் புட்டியில் பெரிதாகப் போடுவது இன்னொரு வேடிக்கை. தாவர எண்ணெயில் சொல்லிக்கொள்ளும் அளவுக்குக் கொலஸ்ட்ரால் கிடையவே கிடையாது. இல்லாததை இல்லை என்று சொல்ல இவ்வளவு வண்ணமயமான லேபிள்!

கொஞ்சம் கணக்கும் பார்ப்போம். நிறைவுற்ற கொழுப்பு மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது சுமார் 22 கிராம். தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்புதான். ஒரு மேசைக்கரண்டி ஊற்றினாலே பாதி ஒதுக்கீடு காலி. வெண்ணெயில் ஏறக்குறைய பாதி, பாமாயிலிலும் அப்படியே. கடலை எண்ணெயில் 17 சதவீதத்தை ஒட்டி, நல்லெண்ணெயிலும் ஆலிவ் எண்ணெயிலும் 14 சதவீதம், சூரியகாந்தியில் 10 சதவீதம், கனோலாவில் 7 சதவீதம். தேங்காய் எண்ணெய் எச்.டி.எல்லையும் ஏற்றுகிறதே என்பார்கள். ஏற்றுகிறதுதான். கூடவே எல்.டி.எல்லையும் ஏற்றுகிறது. எச்.டி.எல்லை மாத்திரையால் ஏற்றிப் பார்த்த பெரும்பாலான சோதனைகளில் மாரடைப்பு குறையவில்லை என்பதால், அந்தச் சமாதானத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

விதை எண்ணெய்களில் உள்ள ஒமேகா-6 என்ற கொழுப்பு வகை உடலுக்குள் அழற்சியைக் கிளப்பும் என்பதுதான் இப்போதைய பெரிய பயம். மனிதர்களிடம் நடத்திய சோதனைகளில் அந்த வகையில் முக்கியமான லினோலிக் அமிலத்தைக் கூட்டியபோது அழற்சியின் குறியீடுகள் பொதுவாக ஏறவில்லை. பயப்பட வேண்டிய இடம் அடுப்பு. பன்மை நிறைவுறாக் கொழுப்பு அதிகமுள்ள எண்ணெய் நீண்ட சூட்டில் சீக்கிரம் கெடும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது ஆக்சிஜனேற்றப் பொருள்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. நிறம் கறுத்து, பிசுபிசுத்து, வழக்கத்தைவிடச் சீக்கிரமே புகைய ஆரம்பித்தால் தூக்கிப் போடுங்கள், எவ்வளவு உசத்தியான எண்ணெயாக இருந்தாலும்.

அப்புறம் அளவு. எல்லாக் கொழுப்புக்கும் கிராமுக்கு 9 கலோரிதான், ஆலிவ் எண்ணெய் என்பதற்காகச் சலுகை இல்லை. இரண்டு மூன்று எண்ணெய்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம், தப்பில்லை. பழைய எண்ணெயைக் குறைக்காமல் "நல்ல" எண்ணெயை மேலே கூடுதலாக ஊற்றுவதற்குத்தான் அர்த்தம் இல்லை. வீட்டு எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு பிஸ்கட்டையும் வறுவல் பாக்கெட்டையும் அப்படியே தொடர்வதும் இதில் சேர்த்திதான். அந்தக் கொழுப்பை நாம் ஊற்றுவதில்லை என்பதால் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறோம்.

எல்.டி.எல் ஏற்கெனவே அதிகம் உள்ளவர்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எண்ணெய் மாற்றியதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எண்ணெயை மாற்றிச் சில வாரங்கள் கழித்து ரத்தப் பரிசோதனை செய்து, அந்த முடிவை மருத்துவரிடம் காட்டிப் பேசுங்கள்.