அரிட்டாபட்டியின் எல்லை மலையடிவாரத்தில் முடிவதில்லை

அரிட்டாபட்டிக்கு வருகிறவர்கள் பலரும் கழிஞ்சமலையில் சமணர் படுக்கையையும் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டையும் பார்த்துவிட்டு, குடைவரைச் சிவன் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அந்த மலையிலிருந்து இறங்கும் தண்ணீரைப் பற்றித்தான் பேச வேண்டும்.

மதுரை மாவட்டம் மேலூருக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊரைச் சுற்றி ஏழு குன்றுகள். பெரும்பகுதி மொட்டைப் பாறை. அதில் விழும் மழை ஊறி நிற்க மண் இல்லை. சரிவில் வழிந்து ஓடிவிடும். வெடிப்புகளில் புகுந்தது சுனையாகக் கசியும். மற்றதை வரத்துக்கால்கள் என்னும் நீர்வரத்து வாய்க்கால்கள் கண்மாயில், அதாவது ஏரியில், சேர்க்கும். கண்மாய் நிறைந்தால் உபரித் தண்ணீர் கலுங்கு என்னும் வடிகால் வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். மழையை மட்டுமே நம்பிய நிலத்தில் நெல் விளைய வைத்தது இந்த அமைப்புதான். 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள் என்று அரசின் அறிவிப்பே கணக்குச் சொல்கிறது.

ஆனால் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது, அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் சேர்த்துக் காப்புக்குள் வந்தது சுமார் 193 ஹெக்டேர் மட்டும்.

அந்தச் சிறிய எல்லையின் ஆபத்து இரண்டே ஆண்டில் தெரிந்தது. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் போன நிலம் 2,015 ஹெக்டேர். ஊர் ஊராக மக்கள் கொதித்து எழுந்தார்கள். டிசம்பரில் ஒன்றிய அரசு, பல்லுயிர்த் தலத்தை மட்டும் விலக்கி எல்லையை மாற்றலாமா என்று ஆராயச் சொன்னது. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அந்த யோசனையின் மீதுதான். மலையை விட்டுவிட்டு அடிவாரத்தைத் தோண்டினால் வரத்துக்கால் எங்கே போகும்? கண்மாய்க்கு யார் தண்ணீர் கொண்டுவருவார்கள்? பாறை இடுக்கில் கூடு வைக்கும் வல்லூறு இரை தேடுவது கீழே விரிந்து கிடக்கும் வெட்டவெளியில் அல்லவா? மக்கள் அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரைக்கே பேரணியாக வந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் முழுவதுமாக ரத்தானது.

ஏலம் ரத்தாகிவிட்டது, காப்பு எல்லையோ அப்படியே இருக்கிறது. தமிழ்நாடு அரசு அதைத் திருத்தி வரைய வேண்டும். குன்றுகளோடு அவற்றின் நீர்ப்பிடிப்பு, வரத்துக்கால், கண்மாயில் தண்ணீர் தேங்கும் உள்வாய், மறுகால் ஓடை எல்லாம் அதற்குள் வர வேண்டும். எந்த ஓடை எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்பதை அந்த ஊர் விவசாயிகளையும் ஆடு மேய்ப்பவர்களையும் கூடவே நடக்கவைத்துக் கேட்டு வரையட்டும்.