முதல் மாத்திரைக்கு முன்னால் கல்ச்சர்

ஆன்டிபயாடிக் எதிர்ப்பு என்றாலே "கோர்ஸைப் பாதியில் நிறுத்தாதீங்க" என்று பழியை நோயாளி தலையில் கட்டிவிடுகிறோம். ஓட்டை அதற்கு முன்பே விழுந்துவிடுகிறது. சாம்பிளில் உள்ள கிருமியை லேபில் வளர்த்து, அது எது, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்ப்பதுதான் கல்ச்சர். அது இல்லாமல், எந்தக் கிருமி என்று தெரியாமலே முதல் மாத்திரை உள்ளே போகிறது. 2014 மார்ச்சில் அமலுக்கு வந்த ஹெச்1 என்ற மருந்து விற்பனை விதிப்படி செஃபிக்ஸிம், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளை யாருக்கு, எவ்வளவு விற்றோம் என்று மெடிக்கல் ஷாப்பில் தனிப் பதிவேடு வைக்கணும். கல்ச்சர் எடுத்தார்களா என்று கேட்க அதில் இடமில்லை.

யூரின் இன்ஃபெக்ஷனையே எடுத்துக்கொள்வோம். இளம்பெண்ணுக்கு முதல்முறை வரும் வெறும் எரிச்சலுக்குக் கல்ச்சர் தேவைப்படாமல் போகலாம். அடிக்கடி வருகிறவர்கள், கர்ப்பிணிகள், ஆண்கள், குளிர்காய்ச்சலோடு வருகிறவர்கள் எல்லோருக்கும் மருந்துக்கு முன் சாம்பிள் போயாகணும். ஒரு மாத்திரை போட்டுவிட்டுக் கொடுத்தாலே "வளர்ச்சி இல்லை" என்று ரிப்போர்ட் வர வாய்ப்பு உண்டு.

யூரின் சாம்பிள் எடுக்கும்போது, சிறுநீர் வரும் இடத்தைத் தண்ணீரால் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை லேப் தரும் ஸ்டெரைல் டப்பாவில் நேராகப் பிடியுங்கள். வீட்டு டம்ளரில் பிடித்து ஊற்றாதீர்கள். மூடியின் உள்பக்கம் விரல் படக்கூடாது. 2 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போகணும், முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில். நம்மூர் வெயிலில் பைக் பெட்டிக்குள் கிடந்த சாம்பிளில் தோல் கிருமிகள் பெருகிவிடும். பிறகு அந்தக் கிருமிக்கு வைத்தியம் நடக்கும்!

ரிப்போர்ட் வர 2, 3 நாள் ஆகும். அதில் எம்ஐசி (கிருமி வளராமல் தடுக்கத் தேவைப்படும் குறைந்தபட்ச மருந்தளவு) எண்ணைப் பார்த்து, குறைந்த எண்தான் நல்ல மருந்து என்று முடிவு கட்டாதீர்கள். ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்கு நைட்ரோஃபுரான்டோயின் 16 என்றிருந்தால் கேட்கும், சிப்ரோஃப்ளாக்சசின் 1 என்றிருந்தால் கேட்காது. மருந்துக்கு மருந்து எல்லை வேறு, பக்கத்தில் இருக்கும் எஸ் (கேட்கும்), ஆர் (கேட்காது) எழுத்தைத்தான் பார்க்கணும். அப்போதும் நைட்ரோஃபுரான்டோயின் சிறுநீர்ப்பையோடு சரி. கிருமி சிறுநீரகம் வரை ஏறிக் காய்ச்சல் வந்தவருக்கு அது போதாது.

ரத்தத்தில் கிருமி ஏறி பிபி இறங்கியவருக்கு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கச் சொல்லவில்லை. இரண்டு இடத்தில் குத்தி, கல்ச்சர் பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் எடுத்துவிட்டு உடனே ஆன்டிபயாடிக் ஊசியைப் போடணும். ரிப்போர்ட் வந்ததும் மெரோபெனம் போன்ற பல கிருமிகளைத் தாக்கும் பெரிய மருந்திலிருந்து, அந்தக் கிருமிக்குப் போதுமான சின்ன மருந்துக்கு இறங்கணும். நம் ஆஸ்பத்திரிகள் பலவற்றில் அந்த இறக்கம்தான் நடப்பதே இல்லை.

ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த முறை இன்ஃபெக்ஷன் வந்தால், புது ரிப்போர்ட் வரும்வரை எந்த மருந்தில் தொடங்கலாம் என்று டாக்டர் முடிவு செய்ய அது உதவும்.