கடைசி இரண்டு வாரத்தை விட்டுவிடாதீர்கள் டீச்சர்களே

வெள்ளிக்கிழமையோடு எங்கள் மழைக் கணக்கு முடிந்தது. கோத்தகிரியில் என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளும் தூத்துக்குடி மாவட்டத்து ஆறுமுகநேரிப் பக்கத்தில் ஒரு பள்ளிப் பிள்ளைகளும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வானிலைத் துறை அளக்கிற அதே காலை 8.30க்கு மழையை அளந்து ஒரே கூகுள் ஷீட்டில் ஏற்றினார்கள். அவர்களுக்கு வெட்டிய தண்ணீர் பாட்டில். நீலகிரியில் அதற்குத் தடை இருக்கிறதே, அதனால் எங்களுக்கு எவர்சில்வர் டப்பாவும் ஸ்கேலும்.

எனக்குச் சொல்ல வேண்டியது, இப்படி இரண்டு பள்ளி சேர்ந்து செய்கிற வேலையை முடிக்கிற விதத்தைப் பற்றி. சான்றிதழ், குரூப் போட்டோ, ஒரு கைதட்டல், அப்புறம் பரீட்சை என்று போய்விடுகிறோம். போன வருஷம் நானும் அப்படித்தான் முடித்தேன். "அவங்க மறுபடி எப்ப மிஸ் வருவாங்க?" என்று எங்களோடு சேர்ந்து செய்த பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி ஒரு பையன் ஒரு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தான், எனக்கு மனசே கேட்கவில்லை.

இந்த முறை அளவெடுத்து முடித்த பிறகு இரண்டு வாரம், இரண்டு வகுப்பும் வீடியோவில் பேசுவதற்கென்றே வைத்தோம். மழை என்றால் மலைதான் என்று என் பிள்ளைகளுக்கு நினைப்பு, 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியதைச் சொன்னார்கள். அந்தப் பக்கம் ஒருத்தி எழுந்து, 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குள் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று நெஞ்சில் கையை வைத்துக் காட்டினாள். இங்கே ஒரு சத்தம் இல்லை.

என் வகுப்பில் இலை பறிக்கப் போகும் அம்மாவின் மகள் ஒருத்தி, நல்ல மழை பெய்தால்தான் கொழுந்து வரும், வேலை இருக்கும் என்றாள். "எங்கப்பாவுக்கு மழைன்னா வேலையே கிடையாது, உப்பளத்துல தண்ணி நின்னுரும்" என்றான் அந்தப் பக்கம் ஒரு பையன். அந்த மூன்று மாதத்துக்கு அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணத்தையும் அவன்தான் சொன்னான். அவள் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகக் கேட்டாள்: "நவம்பர்ல அவங்க பக்கம் பெரிய நம்பர் வந்தப்ப நாம கைதட்டினோமே மிஸ்?"

மூன்று மாதம் எண்களை ஏற்றியபோது வராத இந்தப் பேச்சு, வேலை எல்லாம் முடிந்து சும்மா உட்கார்ந்த அந்த நாட்களில்தான் வந்தது. தயவுசெய்து அந்த இரண்டு வாரத்தைப் பாடத்திட்டத்துக்குப் பலி கொடுக்காதீர்கள். ஷீட்டையும் அழிக்காதீர்கள், எங்களுடையதை ஜூனில் வரும் அடுத்த ஏழாம் வகுப்பு தொடரப் போகிறது.

அவள் அந்தப் பையனுக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதி, அவன் அம்மாவுக்கு என்று கொஞ்சம் டீத்தூளும் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். நேற்று தபாலில் சேர்த்துவிட்டேன்.