ஸ்போர்ட் மோடில் ஜிஆர் யாரிஸ் பின்சக்கர வண்டி ஆகிவிடாது

டொயோட்டா ஜிஆர் யாரிஸ் நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் சிறிய கார். "ஸ்போர்ட் மோடில் போட்டால் அது முழுப் பின்சக்கர வண்டி" என்று சிலர் சொல்வது தவறு. 2020இல் வந்த மாடலில் முன், பின் சக்கரங்களுக்கு எஞ்சின் விசை பிரியும் விகிதம்: நார்மல் மோடில் 60:40, ஸ்போர்ட்டில் 30:70, ட்ராக்கில் 50:50. முதல் எண் முன்சக்கரங்களுக்கு. இதுவும் அடிப்படை அளவுதான்; சாலைப் பிடிப்பைப் பொறுத்து மாறும். 2024 மாடலில் மோடுகளே வேறு, இந்த எண்களை அதற்குப் பொருத்தாதீர்கள்.

முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் சென்டர் டிஃபரன்ஷியல் என்ற கியர் அமைப்பு இதில் கிடையாது. பின் ஆக்ஸிலுக்கு முன்னால் மின்னணுக் கட்டுப்பாட்டில் பல தட்டு கிளட்ச் ஒன்று உண்டு; தட்டுகள் எவ்வளவு இறுகுகின்றனவோ அவ்வளவு விசை பின்னால் போகும். முன்னுக்கும் பின்னுக்கும் கியர் விகிதம் லேசாக வேறு. பின்பக்கம் கொஞ்சம் வேகமாகச் சுழலப் பார்ப்பதால்தான் 70 சதவீதத்தைப் பின்னால் தள்ள முடிகிறது. அதாவது கிளட்ச் தட்டுகள் நழுவிக்கொண்டே வேலை செய்கின்றன, நழுவினால் சூடு. அளவு மீறினால் எச்சரிக்கை வந்து, பின்சக்கரத்துக்குப் போகும் விசை துண்டிக்கப்படும். மிஞ்சுவது முன்சக்கர வண்டி!

டயரில் கஞ்சத்தனம் வேண்டாம். நான்கும் ஒரே அளவு, ஒரே பிராண்ட், ஒரே தேய்மானம். இரண்டை மட்டும் புதிதாகப் போட்டால் சுற்றளவு வித்தியாசம் நேராகக் கிளட்சைத்தான் தாக்கும்.

டார்சன் எல்எஸ்டி (ஒரு பக்கச் சக்கரம் வழுக்கினால் மறுபக்கத்துக்கு அதிக விசை அனுப்பும் டிஃபரன்ஷியல்) எல்லா ஜிஆர் யாரிஸிலும் இல்லை. 2020 மாடல் என்றால் பிரிட்டனில் சர்க்யூட் பேக், ஜப்பானில் ஆர்இசட் ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று பார்த்து வாங்குங்கள்.