சித்திரவதை வழக்குகளில் எங்கே கோட்டை விடுகிறோம்

காவலில் ஒருவர் அடித்து நொறுக்கப்பட்டார் என்று செய்தி வந்தால் கண்டன அறிக்கைகளுக்குப் பஞ்சமே இருக்காது. நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் தானாக அடங்கிவிடும் என்று எல்லா அரசுகளுக்கும் தெரியும். தேதி, நேரம், இடம், காயத்தின் அளவு எழுதிய காகிதம் அப்படி அடங்காது. கோஷத்துக்குப் போகும் உழைப்பில் பாதியாவது அதற்குப் போக வேண்டும் என்பது என் கட்சி.

சாட் நாட்டு சர்வாதிகாரி ஹிசேன் ஹாப்ரே 1990-இல் செனகலுக்கு ஓடினார். அவரது சிறையிலிருந்து மீண்ட சுலேமான் கெங்கெங், பாதிக்கப்பட்ட 792 பேரின் வாக்குமூலங்களைத் திரட்டினார். 2001-இல் ரகசிய போலீஸின் கோப்புகளும் கிடைத்தன. விசாரிக்க வேண்டும், இல்லையென்றால் ஒப்படைக்க வேண்டும் என்று 2012-இல் சர்வதேச நீதிமன்றம் செனகலிடம் சொன்னது. 2016-இல் செனகல் தலைநகர் டக்காரில் ஹாப்ரேவுக்கு ஆயுள் தண்டனை.

பெரும்பாலும் முதல் தவறு புகைப்படத்தில். வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த படம் சுருங்கிவிடும். எடுத்த நேரம் உள்ளிட்ட உள்விவரங்கள் உதிர்ந்துவிடும். எடுத்த போனிலேயே மூலக்கோப்பு இருக்கட்டும், தனியாக ஒரு நகலும் வேண்டும். ஒவ்வொரு காயத்துக்கும் இரண்டு படம்: உடலில் எந்த இடம் என்று தெரிய தூரத்திலிருந்து ஒன்று, பக்கத்தில் அளவுகோல் வைத்து நெருக்கத்தில் ஒன்று. ஆழத்தில் விழுந்த அடியின் ரத்தக்கட்டு ஓரிரு நாள் கழித்துத்தான் மேலே தெரியலாம். அதனால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் எடுக்க வேண்டும். நிறத்தை வைத்து 'மூன்று நாள் பழைய காயம்' என்று நாமாக எழுதிவிடக் கூடாது. எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் கிழிப்பார்.

'காயங்கள் உள்ளன' என்ற ஒற்றை வரி மருத்துவச் சான்றால் பிரயோஜனமில்லை. 1999-இல் உருவாகி 2022-இல் திருத்தப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறை, அதாவது சித்திரவதையை எப்படி விசாரித்துப் பதிவு செய்வது என்ற ஐ.நா. வழிகாட்டி, சொல்லப்பட்ட சம்பவத்தோடு காயம் எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்பதை 'பொருந்தவில்லை' தொடங்கி ஐந்து படிகளில் எழுதச் சொல்கிறது. பரிசோதனை அறையில் போலீஸ் நின்றிருந்தால் அதுவும் பதிவாக வேண்டும். தழும்பு இல்லை என்பதால் சித்திரவதை இல்லை என்றாகிவிடாது: தூங்கவிடாமல் வைப்பதும் முகத்தில் ஈரத்துணி போட்டு மூச்சடைக்க வைப்பதும் தோலில் எதையும் விட்டுவைக்காமல் போகலாம். சம்பவங்களின் வரிசை மாறிச் சொன்னால் பொய் என்று முடிவுகட்டுகிறவர்களுக்கு, அதிர்ச்சியில் நினைவு அப்படித்தான் குழம்பும் என்பது தெரிவதில்லை.

இன்னொன்று, இதில் எனக்குக் கோபமே உண்டு. பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் அவர் முகத்தையும் பெயரையும் போட்டுப் பரப்புகிறோம். பழிவாங்கப்படப் போவது அவரும் அவர் வீட்டாரும்தான். ஒப்புதல் எழுத்தில் வேண்டும், எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும்.

சித்திரவதைக்கு எதிரான 1984-இன் ஐ.நா. உடன்படிக்கை, போரையோ நெருக்கடி நிலையையோ மேலதிகாரியின் உத்தரவையோ சாக்காக ஏற்பதில்லை. ஆனால் அதன் 22-ஆம் பிரிவின்கீழ் ஐ.நா.வின் சித்திரவதை எதிர்ப்புக் குழுவுக்குத் தனிநபர் புகார் போக, அந்த நாடு அதற்குத் தனியாக இசைவு அறிவித்திருக்க வேண்டும். பெயரில்லாத புகார் எடுபடாது. உள்நாட்டு நீதிமன்றங்களை முடித்திருக்க வேண்டும். அங்கே நியாயமின்றி இழுத்தடித்தாலோ, பலனுள்ள நிவாரணம் கிடைக்க வாய்ப்பில்லை என்றாலோ மட்டும் விலக்கு. மீறல் என்று முடிவானால், என்ன செய்தீர்கள் என்று 90 நாளுக்குள் தெரிவிக்கும்படி குழு வழக்கமாக அரசிடம் கேட்கும். பல அமைப்புகள் அன்றைக்கே வெற்றி என்று அறிவித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகின்றன. 91-ஆம் நாள் அமைச்சகத்துக்குப் போக வேண்டிய கடிதத்தை யார் எழுதுவது என்று புகார் கொடுக்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.